சாவி யார் இடுப்பில்

2024 மார்ச் 16ஆம் தேதி மக்களவைத் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டன. அன்றிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை நடத்தை விதிகள் அமலில் இருந்தன. எல்லாத் தேர்தலிலும் நடப்பதுபோல, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளும்படி சொல்லப்பட்டார்கள். வங்கிக் காவலாளிகள், துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிறவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் கொடுத்தாக வேண்டும். தேவாரத்தில் எனக்குத் தெரிந்த ஏலத்தோட்டக்காரர்கள் இரண்டொருவரும் துணியில் சுற்றி எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அந்த நாட்களில் உறவில் எனக்கு மதினி முறையாகும் ஒருவர் சொன்னார்: “வருசா வருசம் எலெக்சன் வந்தா நல்லாருக்கும் மதினி. இப்பத்தான் பீரோவத் தொறக்கையில கை நடுங்கல.” அவர் கணவர் கெட்ட மனிதர் இல்லை. ஊரில் மரியாதை உள்ளவர், எந்த வழக்கும் இல்லாதவர். வழக்கு இருந்தால் உரிமமே கிடைத்திருக்காது. அப்படிப்பட்ட யோக்கியரும் ஓட்டுப் பகையில் கோபப்பட்டுத் துப்பாக்கியைத் தூக்கிவிடக்கூடும் என்று அரசு ஐயப்படுகிறது. ஐயப்படுவது சரிதான். என் கேள்வி, அந்த ஐயம் ஏன் வாக்குச்சாவடியோடு நின்றுவிடுகிறது என்பது. குழம்பில் உப்பு கூடிவிட்ட இரவும், மகள் வேறு சாதிப் பையனோடு பேசியது தெரிந்த இரவும், தங்கை பாகம் கேட்டு வந்த இரவும் தேர்தல் நாளைவிடச் சாந்தமானவை என்று எந்தக் காவல் நிலையம் கணக்குப் போட்டது?

துப்பாக்கியை வீட்டில் பத்திரமாக வைப்பது எப்படி என்பது பொதுவாகத் தச்சு வேலை, பட்டறை வேலை சம்பந்தப்பட்ட விஷயமாகவே பேசப்படுகிறது. எந்தப் பெட்டி, எந்தப் பூட்டு, என்ன விலை. அதையும் பேசத்தான் வேண்டும். வெளிநாட்டுப் பாணி இரும்புப் பெட்டகம் வாங்க எங்கள் பக்கத்துச் சிறு விவசாயிக்கு வசதி கிடையாது. அவரிடம் இருப்பது ஒரு பழைய ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ. மடக்கித் திறக்கும் வகைத் துப்பாக்கியைக் குழல், முன்கட்டை, பின்கட்டை எனக் கழற்றிவிடலாம். குழலை ஒரு டிரங்குப் பெட்டியில், கட்டையை இன்னொன்றில், தோட்டாக்களை மூன்றாவது இடத்தில் தனிப்பூட்டுப் போட்டு வைத்தால், கோபத்தில் எழுந்து போகிறவன் மூன்று பூட்டைத் திறக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் ஒரு உயிரின் அளவுக்குப் பெறுமானம் உள்ளவை. குழலைத் திறந்து அதன் வழியே கம்பிவடத்தைக் கோத்துப் பூட்டினால் தோட்டா போடவே முடியாது. இதற்கெல்லாம் ஆகும் செலவு சில நூறு ரூபாய்ப் பூட்டும், சுவரோடு பெட்டியை முடுக்க நாலு போல்ட்டும்தான். விசையைச் சுற்றிய வளையத்துக்குள் சங்கிலியைக் கோத்துப் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உள்ளே தோட்டா இருந்தால் அந்தச் சங்கிலியே ஆபத்து. பூட்டுவதற்கு முன் உள்ளே ஒன்றுமில்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும்.

சட்டமும் இதைக் கேட்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு விதிகள்படி, உரிமம் வாங்குகிறவர் ஆயுதத்தைப் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று எழுதித் தர வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. உரிமம் ஐந்தாண்டு செல்லும். இவற்றில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த விதிகள் எல்லாம் துப்பாக்கியைத் திருடனிடமிருந்தும் குழந்தையிடமிருந்தும் காப்பதைப் பற்றியவை. பூட்டுக்கு வெளியே ஆபத்து நிற்கிறது, உள்ளே சொந்தக்காரன் இருக்கிறான் என்ற படத்தை வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. சாவியை வைத்திருப்பவனே ஆபத்தாக இருக்கும்போது பூட்டு யாரைக் காக்கிறது?

என் பெரியப்பாவிடம் இரட்டைக்குழல் ஒன்று இருந்தது. அவர் அதை மனிதர் யார்மீதும் நீட்டியதில்லை. ‘சுட்டுடுவேன்’ என்று வாயால் சொன்னதும் இல்லை. கோபம் வந்தால் பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணெய் போட்டுத் துடைப்பார். அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டில் தட்டுகூடச் சத்தம் வராமல் வைக்கப்படும். பெரியம்மா கேட்க நினைத்த எந்தக் கேள்வியையும் அன்று கேட்க மாட்டார். அநேகமாக அடுத்த வாரமும் கேட்க மாட்டார். பிறகு அது பூட்டிய பீரோவுக்குள் போய்விடும். விதிப்படி எல்லாம் சரி. ஒரு தோட்டாகூடச் செலவாகாமல் முப்பது ஆண்டு அந்த வீடு ஆளப்பட்டது. இதைக் குற்றம் என்று எந்த நிலையத்தில் போய்ப் பதிவு செய்வது? குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது. வன்முறையில் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் ஆயுதத்தைப் பறிமுதல் செய்ய நீதிமன்ற ஆணையின்படி பாதுகாப்பு அலுவலர் உதவலாம் என்று அதன் விதிகளில் இருக்கிறது. நல்ல விதி. எண்ணெய் போட்டுத் துடைப்பது அதில் வராது.

அமெரிக்கத் தரவுகளை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. அங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி. இங்கே பெண்களைக் கொல்ல மண்ணெண்ணெயும் அரிவாளும் கயிறும் போதுமானதாக இருந்திருக்கின்றன. துப்பாக்கிக் கொலைகளிலும் பெரும்பாலானவை உரிமம் இல்லாத ஆயுதங்களால் நடப்பவை. ஆனாலும் இரண்டு செய்திகளை என் மாணவிகளுக்குச் சொல்வேன். ஜாக்குலின் கேம்பெல் குழுவினர் 11 நகரங்களில் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு, அடிக்கிற ஆணின் கைக்கு எட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தால் அந்தப் பெண் கொல்லப்படும் வாய்ப்பு ஐந்து மடங்காகிறது என்று காட்டியது. கலிபோர்னியாவில் செய்யப்பட்டு 2022இல் வந்த இன்னொரு ஆய்வு, தன்னிடம் துப்பாக்கி இல்லாமல் கைத்துப்பாக்கிக்காரரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களை எடுத்துக்கொண்டது. அவர்களில் வாழ்க்கைத் துணையால் சுடப்பட்டு இறந்தவர்களில் 84 விழுக்காட்டினர் பெண்கள். ‘வீட்டைக் காக்க வாங்கினேன்’ என்ற சொற்றொடரில் வீடு என்பது எது என்று கேட்கத் தூண்டும் எண் இது. சுவரும் நகையும் பட்டாவும் அந்த வீட்டில் அடங்கும். பெண் அடங்குகிறாளா, அல்லது காக்கப்படும் சாமான்களில் ஒன்றாக இருக்கிறாளா?

நம் இலக்கியத்தில் ஆயுதத்தை வைக்கும் இடம் பற்றி ஒரு பெண் பாடியிருக்கிறாள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாரின் பாட்டு, புறநானூற்றில் 95ஆவது. தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, மயில்பீலி சூடி, காவல் மிக்க மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல இகழ்கிறாள். பத்திரமாக வைக்கப்பட்ட ஆயுதம் அங்கே கேலிப்பொருள். இதை வகுப்பில் நடத்தும்போது கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, “மேம், அதியமான் ஊர்ல சண்டை இல்லாத நாள்ல வேல எங்க வைப்பாங்க? சின்னப் பிள்ளைங்க எடுத்துறாதா?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. 312ஆவது பாட்டில் பொன்முடியார் கடமைகளைப் பங்கு போடுகிறார்: பெற்று வளர்ப்பது தாய்க்கு, வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு, போரில் யானையைக் கொன்று மீள்வது மகனுக்கு. வேல் வீட்டுக்குத் திரும்பிய பிறகு அதைப் பார்த்துக்கொள்வது யார் கடமை என்று எந்தத் துறையிலும் திணையிலும் இல்லை. கடைசி வரிசைப் பெண்ணின் கேள்வியை இரண்டாயிரம் ஆண்டாக யாரும் கேட்கவில்லை என்பதைவிட, கேட்டவர்களின் பாட்டு தொகுக்கப்படவில்லை என்று நினைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்திருக்கிறது.

பெண்ணியத் தோழிகளிடம் இதைப் பேசும்போது முதலில் வரும் தீர்வு, சாவியைப் பெண்ணிடம் கொடுத்துவிடலாம் என்பது. துப்பாக்கி அவனுடையது, தோட்டாப் பெட்டிச் சாவி அவளுடையது. கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் ஊரில் இடுப்பில் சாவிக்கொத்து செருகிய அப்பத்தாக்களின் அதிகாரத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான்; அந்தக் கொத்தின் சத்தத்துக்கு மருமகள்கள் எழுந்து நிற்பார்கள். ஆனால் அரிசிக் குதிரின் சாவியும் தோட்டாவின் சாவியும் ஒன்றாகுமா? குடித்துவிட்டு நடு இரவில் வந்து ‘சாவியக் குடுடி’ என்கிறவனுக்கு முன்னால் அந்தச் சாவி அவளுக்கு அதிகாரமா, இன்னுமொரு காரணமா? கொடுத்தால் பிறகு நடப்பதற்கு அவள் பொறுப்பு. கொடுக்காவிட்டால் அந்த இரவுக்கு அவள் பொறுப்பு. கட்டுப்பாடு இல்லாதவளிடம் காவலை மட்டும் ஒப்படைப்பது நம் குடும்பங்கள் காலம் காலமாகச் செய்து வருவதுதான். மானம், கற்பு, பிள்ளையின் படிப்பு, புருஷனின் குடி எல்லாவற்றுக்கும் அவள்தானே காவல். காப்பு என்ற சொல் வளையலுக்கும் காவலுக்கும் ஒன்றாக இருப்பதைக் கவிதையில் நானும் பயன்படுத்தியிருக்கிறேன். துப்பாக்கிக்கும் அவளையே காப்பாக்க எனக்கு மனம் இல்லை.

பூட்டின் எல்லை என்ன என்பதற்கு இலங்கையிலிருந்து ஒரு பாடம் உண்டு. துப்பாக்கி சம்பந்தப்பட்டது இல்லை, பூச்சிமருந்து. ஏலத்தோட்டங்களுக்குக் கீழே வாழ்கிற எங்களுக்குத் துப்பாக்கியைவிட நெருக்கமான பொருள் அது. வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்து, 53,000க்கும் மேற்பட்ட வீடுகளில் பாதிக்குப் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பெட்டி கொடுத்த கிராமங்களில் மருந்து குடிப்பது குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அதே நாட்டில், கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததோடு சேர்ந்து, 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு இறங்கியது. பெட்டி வீட்டுக்குள்ளேயே இருந்தது; சாவியும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. நம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில் பக்கம் வேறு வழியில் முயன்றார்கள். 2010இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் ‘சினேகா’ அமைப்பினரும், பூ விவசாயிகள் வாழும் இரண்டு ஊர்களில் மருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப்பொதுக் கிடங்கில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். ஆளுக்கொரு பெட்டி, ஒரு சாவி விவசாயியிடம், மறுசாவி கிடங்குப் பொறுப்பாளரிடம். சிறிய முயற்சிதான். அந்த ஊர்களில் பூச்சிமருந்துத் தற்கொலை குறைந்தது. மருந்தை எடுக்கப் போகிறவர் வழியில் இன்னொரு மனித முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த அம்சம்.

துப்பாக்கிக்கும் எனக்குத் தோன்றும் மலிவான, நேர்மையான வழி அதுவே. வீட்டை விட்டு வெளியே வைப்பது. உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் கட்டணம் கட்டி ஒப்படைத்து வைக்க இன்றைக்கும் முடியும். காவல் நிலையங்கள் தேர்தலுக்குத் தேர்தல் வாங்கி வைத்து, சீட்டு எழுதி, திருப்பிக் கொடுத்துப் பழகியவை. இடம் இல்லை, ஆள் இல்லை என்ற பதில் அந்த இரண்டரை மாதம் எங்கே போகிறது?

இதைச் சொன்னால் எங்கள் ஊர் ஆண்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பில் நியாயமும் இருக்கிறது. ராக்காவலுக்குப் போகிறவர்களின் வாழ்க்கை எனக்குத் தெரியும். தேவாரத்துக்கு மேற்கே சாக்கலூத்து மெட்டு அடிவாரத்தில் தென்னையும் மாவும் கடலையும் போட்டவர்கள் பன்றிக்கும் யானைக்கும் பயந்து தூங்காமல் கிடந்த ஆண்டுகள் உண்டு. 2018 வாக்கில் ஒற்றை மக்னா யானை தோட்டங்களில் திரிந்தபோது ஊர் எப்படிக் கிடந்தது என்பது நினைவிருக்கிறது. 2023 மே மாதம் கம்பம் நகருக்குள்ளேயே அரிக்கொம்பன் வந்து நின்றது. யானை வரும்போது ஸ்டேஷனுக்கு ஓடிப் போய்க் கையெழுத்துப் போட்டுத் துப்பாக்கி வாங்கவா முடியும்?

முடியாதுதான். ஆனால் யானையைச் சுட சட்டத்தில் இடம் இல்லை. வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டத்தான் அந்தத் துப்பாக்கி. காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை, மெட்டுக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர் அனுமதித்தால் உரிமக்காரர் சுடலாம். இந்தப்பக்கம் 2025 ஜனவரியில் வந்த தமிழக அரசின் ஆணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் மட்டுமே சுடலாம். விவசாயிக்கு எஞ்சுவது சத்தம். சத்தத்துக்குத் தகரமும் வெடியும் இருக்கின்றன, பக்கத்துக் கோம்பையின் பேர்பெற்ற நாய்களும் இருக்கின்றன. அப்படியும் துப்பாக்கிதான் வேண்டும் என்றால், வெள்ளாமை முற்றுகிற மாதங்களுக்கு அது தோட்டத்தில் இருக்கட்டும். அறுவடை முடிந்த பிறகும் வருடம் முழுக்கப் படுக்கையறை பீரோவில், அவள் சேலைகளுக்குப் பின்னால் ஏன் இருக்கிறது? பன்றி படுக்கையறைக்கு வருவதில்லை.

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியின் கதை இன்னும் மோசம். அதைப் பூட்டி வைக்க முடியாது, ஒளித்துத்தான் வைக்க முடியும். பரணில், வைக்கோற்போரில், சாக்குகளுக்கு அடியில். ஒளித்த பொருளைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு இணை யாரும் இல்லை. வாய்வழி மருந்து கெட்டிக்கும் அந்த வகைத் துப்பாக்கியில் உள்ளே மருந்தும் ரவையும் இருப்பது வெளியே தெரியாது. கெட்டிக்கிற கம்பியை உள்ளே விட்டு அளந்து பார்த்தால்தான் தெரியும். கேப்பை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்து அப்படியே வைத்துவிடுகிறார்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகிற பெண் பிள்ளைகளை அந்தப் பரணுக்குக் கீழேதான் விட்டுப் போகிறாள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதை வைத்திருந்தால் குறைந்தது இரண்டாண்டு, கூடினால் ஐந்தாண்டு சிறை. போலீஸ் வந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுகிறவள் வீட்டில் இருப்பவள். ஆயுதம் ஒருவரின் உடைமை என்று சொல்ல அது இருப்பது தெரிந்திருப்பதும், அதன்மேல் அவருக்குப் பிடி இருப்பதும் வேண்டும் என்று நம் நீதிமன்றங்கள் சொல்கின்றன. தெரியும், பிடி கிடையாது என்பதுதான் அவள் நிலை. சட்டப்படி அவள் தப்பலாம். சட்டத்துக்கு வெளியே, இரவுகளில், தெரிந்திருப்பதன் பாரம் அவளுக்கு மட்டும்.

கனடாவில் 1989 டிசம்பரில் மாண்ட்ரியால் பொறியியல் கல்லூரியில், பெண்கள் என்பதற்காகவே 14 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு நடந்த நீண்ட போராட்டத்தில் 1995இல் புதிய துப்பாக்கிச் சட்டம் வந்தது. அங்கே உரிமம் கேட்பவர் தன் மனைவி அல்லது துணை, கடந்த இரண்டாண்டில் பிரிந்த துணை எல்லோரையும் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். அவர்களின் கையெழுத்து கேட்கப்படுகிறது. போடவில்லை என்றால் அதிகாரிகள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நம் நாட்டிலும் பெண்ணின் கையெழுத்து ஒரு இடத்தில் கேட்கப்படுகிறது. உரிமக்காரர் இறந்தபின் துப்பாக்கி ஒரு வாரிசுக்குப் போகும்போது, மனைவியும் மகள்களும் உட்பட மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அதாவது துப்பாக்கி சொத்தாகும்போது அவளைக் கேட்கிறார்கள். பெரியப்பா போனபின் பெரியம்மாவும் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். முப்பது ஆண்டில் அந்தத் துப்பாக்கி பற்றி அரசு அவரிடம் கேட்ட ஒரே கேள்வி அது.

ஒரே கூரையில் படுத்திருப்பவர் எல்லோருக்கும் ஆபத்தில் பங்கு இருக்கும்போது, அனுமதியில் மட்டும் பங்கு இல்லாமல் போவது எந்த அறத்தில் அடங்கும் என்று எனக்குப் புரியவில்லை. வாடகைக்கு வீடு எடுத்தால்கூட மாடி வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் மோட்டார் போடுகிறோம்.

இதை வகுப்பில் சொன்னபோது அதே கடைசி வரிசைப் பெண் மறுபடி எழுந்தாள். “கையெழுத்துப் போட மாட்டேன்னு எங்கம்மா சொன்னா, அன்னைக்கு ராத்திரி எங்கம்மா எங்க மேம் படுப்பாங்க?” இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மறுப்பு யாருடையது என்று விண்ணப்பித்தவனுக்குத் தெரியவே கூடாது, விசாரணை வீட்டுத் திண்ணையில் நடக்கக் கூடாது, பெண் அலுவலர் ஒருவர் தனியாகக் கேட்க வேண்டும், நிராகரிப்புத் தாளில் காரணம் பொதுவாக மட்டும் இருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அவள் குறித்துக்கொண்டாள். பிறகு, “அந்த ஆபீஸ் எங்க இருக்கும் மேம், போடியா உத்தமபாளையமா? எங்கூர்ல இருந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல பஸ் இல்ல,” என்றாள்.